பதற்றம் இடது காலில் இருந்தது

முதல் முறை ஓட்டுநர் தேர்வுக்குச் சென்றபோது எனக்கு 38 வயது. அதற்கு முன் எத்தனையோ எழுத்துத் தேர்வுகளையும் நேர்முகங்களையும் பார்த்தாகிவிட்டது, இருபது நிமிட ஓட்டத்துக்கு அஞ்ச என்ன இருக்கிறது என்று வீட்டிலிருந்து கிளம்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். தேர்வாளர் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்து, கதவைச் சாத்தி, மடியில் மதிப்பெண் தாளை வைத்துப் பேனா மூடியைக் கழற்றிய அந்தக் கணத்தில் என் இடது கால் ஆடத் தொடங்கியது. மனம் அப்போதும் ஓரளவு தெளிவாகவே இருந்தது. சாலை, கண்ணாடி, கியர் எல்லாம் நினைவில் இருந்தன. கிளட்சின் மேல் வைத்த பாதம் மட்டும் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல மேலும் கீழும் அடித்துக்கொண்டது.

புறப்பட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சற்றே மேடான ஓர் இடத்தில் சிக்னலுக்காக நின்றேன். பச்சை விழுந்தது. கிளட்சை மெல்ல விட்டு, இன்ஜின் பிடிக்கும்போது இருக்கையின் அடியில் எழுகிற அந்தச் சிறு அதிர்வை உணர்ந்து, பிறகு ஆக்சிலரேட்டரைக் கொடுக்க வேண்டும். பயிற்சியில் நூறு முறையாவது செய்ததுதான். ஆடுகிற காலுக்கு மெல்ல விடத் தெரியவில்லை. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. நியூட்ரலுக்குக் கொண்டுவராமலும் கிளட்சை முழுதாக மிதிக்காமலும் சாவியைத் திருப்பியதால் மறுபடியும் குதித்தது. பின்னால் ஹாரன் சத்தம். மூன்றாம் முறை இன்ஜின் உயிர்பெற்றபோது விளக்கு சிவப்பாகிவிட்டிருந்தது. அதைப் பார்க்காமலேயே நான் நகர்ந்துவிட்டேன். தேர்வாளர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். மிச்சமிருந்த பாதையை எதற்கு ஓட்டினேன் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

தோற்றுத் திரும்பியவருக்கு எல்லோரும் ஒரே மருந்தைத்தான் தருகிறார்கள்: "பயப்படாதே." அதைச் சொல்பவர்கள் அனைவரும் பல ஆண்டுகளுக்கு முன்பே உரிமம் வாங்கியவர்கள். பயப்படாமல் இருப்பது என் கையில் இருந்திருந்தால், நான் ஏன் பயப்படப் போகிறேன்? இந்த அறிவுரையைக் கேட்டுக்கேட்டு நான் செய்த பிழை என்னவென்றால், அடுத்த இரண்டு மாதமும் பதற்றமே இல்லாத ஒரு மனநிலையைத் தேடி அலைந்ததுதான். தியானம் செய்து பார்த்தேன், நடைப்பயிற்சி போனேன். இரண்டும் நல்லவைதான், ஆனால் கிளட்சுக்கு அவை போய்ச் சேரவில்லை.

பிறகு பயிற்றுநரை மாற்றினேன். முதலில் கற்றுக்கொடுத்தவர் கோபக்காரர். ஒவ்வொரு முறை இன்ஜின் நின்றபோதும் டேஷ்போர்டைத் தட்டுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்றாலும், கத்துகிறவரிடம் பழகிய கால் கத்தலை எதிர்பார்த்தே கிளட்சை விடுகிறது என்பதை இப்போது உணர்கிறேன். புதிய பயிற்றுநர் முதல் வகுப்பில் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, சாலையைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சிக்னலில் நின்றபோது, "வண்டிதான் நின்றுவிட்டதே, கிளட்சில் ஏன் இன்னும் கால் தொங்குகிறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் பாதி விடை இருந்தது. அச்சம் வரும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. அது இதயத்தை விரைவாக்குவதோடு, தசைகளில் எல்லோருக்கும் எப்போதும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நடுக்கத்தையும் பெரிதாக்கிவிடுகிறது. முழுதாகத் தளர்ந்திருக்கும் காலிலும், மிதியை அடிவரை அழுத்தி ஊன்றியிருக்கும் காலிலும் அந்த நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. பாதி அழுத்தி, பாதி தூக்கி, அந்தரத்தில் பிடித்துவைத்திருக்கும் காலில்தான் அது துள்ளும். ஓட்டப் பழகுகிறவர்கள் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்துவைக்கும் நிலை அச்சு அசலாக இதுவே. நான் சிக்னலில் காத்திருந்த ஒரு நிமிடம் முழுவதும், நடுக்கம் விளைவதற்கென்றே ஒரு காலைத் தயார்செய்து வைத்திருந்திருக்கிறேன்.

அவர் செய்த மாற்றங்கள் எல்லாம் சிறியவை. இருக்கையை ஒரு பல் முன்னால் தள்ளினார்; கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். கிளட்சை விடும்போது குதிகாலைத் தரையில் ஊன்றி, கணுக்காலை மட்டும் அசைக்கச் சொன்னார்; தொடையிலிருந்து முழுக் காலையும் தூக்குகிறவருக்கு நடுக்கம் அதிகம், கட்டுப்பாடு குறைவு. எல்லா வண்டியிலும் எல்லாக் காலுக்கும் இது பொருந்தாது, ஆனால் எனக்குப் பொருந்தியது. சில நொடிக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, இடது காலை முழுதாக எடுத்துத் தரையில் வைத்துவிட வேண்டும் என்பது கட்டளையாயிற்று. கிளம்புமுன் கெண்டைக்காலை ஐந்து நொடி வேண்டுமென்றே இறுக்கி, சட்டென்று விடுவதையும் கற்றுக்கொடுத்தார். இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வகுத்திருக்கிறார் என்பதைப் பின்னர்தான் படித்தேன். பயிற்றுநர் அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். காலைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார் என்று நம்ப விரும்புகிறேன்.

நின்ற இடத்தில் மூச்சையும் சேர்த்துக்கொண்டேன். நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் உடலின் இயல்பு. அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். பதறுகிறவர்கள் இதற்கு நேர்மாறாக ஆழ உள்ளிழுத்து அடக்கிக்கொள்கிறார்கள், நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இதைத் தேர்வு நாளன்று முதன்முதலாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. பயிற்சி நாள்களில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் செய்து, சிவப்பைக் கண்டாலே மூச்சு தானாக நீளும் என்ற அளவுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு உதவியது.

இவ்வளவு செய்தும் இரண்டாம் தேர்விலும் தோற்றேன். அந்தத் தோல்வி முதல் தோல்வியைவிடக் கசப்பானது, ஏனென்றால் இம்முறை கால் ஆடினாலும் இன்ஜின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஏற்றத்தில் நின்று கிளம்பினேன், வளைவில் திரும்பினேன், எல்லாம் சரியாகவே போயிற்று. ஒரு திருப்பம் முடிந்தவுடன் தேர்வாளரின் பேனா தாளில் நகர்ந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான். என்ன தவறு செய்தேன், கண்ணாடி பார்க்கவில்லையா, இண்டிகேட்டரைத் தாமதமாகப் போட்டேனா என்று மனம் பின்னோக்கி ஓடியது. அதன்பின் பேனா எத்தனை முறை அசைகிறது என்று எண்ணத் தொடங்கினேன். பதினொன்றுவரை எண்ணியது நன்றாக நினைவிருக்கிறது. பதினோராவது முறை அது அசைந்தது, நடைபாதைக் கடப்பில் காலை எடுத்துவைத்துவிட்ட ஒரு முதியவருக்கு நான் வழிவிடாமல் சென்றதற்காக.

முடிவில் தேர்வாளர் தாளைக் காட்டி விளக்கினார். அந்த முதல் பேனாச் சத்தத்தின்போது அவர் எழுதியது, சாலை ஈரமாக இருந்தது என்ற குறிப்பு. என் ஓட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. நடுவே விழுந்த மற்றச் சிறு பிழைகள் எல்லாம் சேர்ந்தாலும் நான் தேறியிருப்பேன். ஈரச் சாலை பற்றிய ஒரு குறிப்புக்காக, எதிரே இருந்த ஒரு மனிதரைப் பார்க்கத் தவறியிருக்கிறேன். தேர்வு போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த முதியவர் பின்வாங்கிய விதம் மட்டும் பல நாள் கண்ணிலேயே நின்றது.

தேர்வுக்கு முன் மதிப்பெண் தாளின் மாதிரியைத் தேடிப் படித்துவிடுவது நல்லது. நான் சந்தித்த தேர்வு முறையில் சிறு பிழைகளுக்கு ஓர் எல்லை உண்டு, ஆபத்தான பிழை ஒன்றே போதும் தோற்க. இந்த வேறுபாடு முன்பே தெரிந்திருந்தால், ஒரு சிறு பிழையைக் கண்டு எல்லாம் முடிந்தது என்று கைவிட்டிருக்க மாட்டேன். தோற்றுவிட்டோம் என்று தீர்ப்பு எழுதுவது தேர்வாளரின் வேலை; ஓட்டுகிறவர் அதைப் பாதி வழியில் தன் கையில் எடுத்துக்கொண்டால் ஓட்டுவதற்கு ஆள் இருக்காது.

ஆனாலும் பேனாச் சத்தம் என்ற பிரச்சினை அப்படியே இருந்தது. அதற்கு வழி கண்டவர் என் அக்காவின் கணவர். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் என் பக்கத்து இருக்கையில், நோட்டும் பேனாவுமாக வந்து அமர்ந்தார். வாய் திறக்கக்கூடாது, பாராட்டக்கூடாது, "இங்கே திரும்புங்கள்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசக்கூடாது. ஆனால் அடிக்கடி எதையாவது எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் ஞாயிறு, பேனா அசைந்தபோதெல்லாம் என் கண் அவர் மடிக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து, "அத்தான், நிஜமாகவே அவ்வளவு தப்பு செய்தேனா?" என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். பதினேழாம் வாய்ப்பாடு, பக்கம் முழுவதும். பதினேழு பன்னிரண்டு இருநூற்று நான்கு என்பது எனக்கு இன்று தூக்கத்திலும் தெரியும். நான்காம் ஞாயிற்றுக்குள் பேனாவின் ஓசை காரின் மற்ற ஓசைகளோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

பதற்றத்துக்குச் சிறந்த பயிற்சி எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். அமைதியான தெருவில், பழகிய பயிற்றுநருடன் ஓட்டிய ஐம்பது மணி நேரத்தில் எனக்கு அமைதியாக ஓட்டத் தெரிந்தது. பதற்றத்தோடு ஓட்ட நான் அங்கே கற்கவே இல்லை. தேர்வில் வரப்போகும் பதற்றத்தில் ஒரு சிட்டிகையையாவது பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும். அறிமுகம் குறைந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது, பேச்சில்லாமல் முப்பது நிமிடம் ஓட்டுவது, தவறு நேர்ந்தாலும் நிறுத்தி ஆராயாமல் பாதையை முடிப்பது ஆகியவை பயிற்றுநரின் கனிவான விளக்கத்தைவிட எனக்கு அதிகம் உதவின.

எதைப் பயின்றோம் என்பதைப் போலவே, எந்த அளவுக்குப் பயின்றோம் என்பதும் முக்கியம். 1908 ஆம் ஆண்டில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்து பிறந்த ஒரு கருத்து உளவியலில் இன்றும் பேசப்படுகிறது: ஓரளவு கிளர்ச்சி செயலைக் கூர்மையாக்கும், மிகையானால் கெடுக்கும், கடினமான வேலையாக இருந்தால் அந்தக் கெடுதல் சீக்கிரமே தொடங்கிவிடும். எலிக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பது ஒருபுறம் இருக்க, என் அனுபவம் இதற்கு ஒத்துப்போகிறது. கியர் மாற்றுவது கைக்கு முழுதாகப் பழகியிருந்தது. எவ்வளவு பதறினாலும் அது பிழைக்கவில்லை. ரிவர்ஸில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவதோ பாதிதான் பழகியிருந்தது. பதற்றம் முதலில் அதைத்தான் தின்றது. ஆகவே மூன்றாம் தேர்வுக்கு முன் கடைசி இரண்டு வாரமும் தெரிந்ததை ஓட்டி மகிழ்வதை விட்டு, ரிவர்ஸை மட்டுமே செய்தேன். வண்டியின் பின்பக்கம் எங்கே போகிறது என்று யோசிப்பதை நிறுத்தும்வரை செய்தேன்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதறும்போது பார்வை குறுகுகிறது. கவனம் நேர் எதிரே இருக்கும் ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் இருப்பவை நழுவுகின்றன. முதல் தேர்வில் சிவப்பு விளக்கையும் இரண்டாம் தேர்வில் முதியவரையும் நான் இழந்தது இப்படித்தான். இதற்கு நான் கைக்கொண்ட வழி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவது: "கண்ணாடி, பக்கத்தில் சைக்கிள், முன்னால் பேருந்து நிற்கிறது, ஆள் இறங்கலாம், வேகம் குறை." சொல்ல வேண்டுமானால் பார்த்தாக வேண்டும் என்பதால் கண் நகர்ந்துகொண்டே இருக்கும். தேர்வாளரிடம் முன்கூட்டியே, "எனக்குள் பேசிக்கொண்டு ஓட்டும் பழக்கம் உண்டு, பரவாயில்லையா?" என்று கேட்டேன். தாராளமாகப் பேசுங்கள் என்றார். அவர் சொன்ன வழி காதில் விழாதபோது மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஊகத்தில் திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

தேர்வுக்கு முந்தைய மாலை ஓர் அட்டையை எடுத்து, எனக்குள்ள அச்சங்களை எல்லாம் எழுதினேன். தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிவிட்டுச் சென்ற பதற்ற மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் இருவரும் 2011 இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அது எழுத்துத் தேர்வைப் பற்றியது என்றாலும் செய்துபார்ப்பதில் நட்டமில்லை என்று தோன்றியது. நான் கூடுதலாகச் செய்தது, ஒவ்வோர் அச்சத்தின் எதிரிலும் ஆறுதல் வாக்கியம் எழுதாமல் கைகால்களுக்கான கட்டளையை எழுதியதுதான். "இன்ஜின் நின்றால்" என்பதற்கு எதிரே: "பிரேக், ஹேண்ட் பிரேக், கிளட்ச் அடிவரை, நியூட்ரல், சாவி, கண்ணாடி, பிறகு கிளம்பு." "பேனா சத்தம் கேட்டால்" என்பதற்கு எதிரே: "முன்னால் போகும் வண்டியின் எண்ணை வாசி." இந்த இரண்டாவதைக் கண்டுபிடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

"பதறுகிறேன்" என்பதற்குப் பதிலாக "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும் உத்தியையும் முயன்றேன். அலிசன் வுட் புரூக்ஸ் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன் அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் மேலும் சிறப்பாகச் செய்தார்கள். எனக்கென்னவோ கண்ணாடியின் முன் நின்று அதைச் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்றே பட்டது. "கால் ஆடுகிறது, அது அட்ரினலின்" என்று இருப்பதை இருப்பதுபோலச் சொல்லிக்கொண்டதுதான் எனக்கு ஒத்துவந்தது.

தேர்வு நாளின் ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் காபி குடிக்கவில்லை. நடுங்குகிற காலுக்குக் காஃபீன் வேறு எதற்கு, அதில் பாதி கழியவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். நடுக்கத்தை நிறுத்தும் மாத்திரை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. சாதாரணமாக விற்கப்படும் ஒவ்வாமை மாத்திரைகளில் சிலகூடத் தூக்கத்தை வரவழைப்பவை. பயிற்சி முழுவதும் அணிந்த அதே மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பைத்தான் போட்டுக்கொண்டேன், புதுக் காலணி போட்டால் கிளட்சின் பிடி காலுக்குத் தெரியாது. முதல் இரண்டு தேர்வுகளின் நாளையும் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். இம்முறை அக்கா வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. தேர்வு வளாகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்காரவும் இல்லை. காத்திருக்கும் இடத்தில் எந்தத் தேர்வாளர் கறார், எந்தத் திருப்பத்தில் எல்லோரும் தோற்கிறார்கள் என்ற பேச்சுதான் நடக்கும். அந்த நேரத்தை அதே காரில் அருகிலுள்ள தெருக்களில் நாற்பது நிமிடம் ஓட்டிக் கழித்தேன். புதிதாக எதையும் முயலவில்லை, ரிவர்ஸைக்கூட ஒரே முறைதான் செய்தேன்.

தேர்வாளர் ஏறி அமர்ந்தார், கதவைச் சாத்தினார், பேனா மூடியைக் கழற்றினார். கால் ஆடியது. கெண்டைக்காலை இறுக்கி விட்டேன். ஆட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பாதி வழியில், ஒரு குறுக்குச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏற வேண்டிய இடத்தில், இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி. ஹாரன் அடித்ததா என்று இப்போது நினைவில்லை. பிரேக், ஹேண்ட் பிரேக், கிளட்ச் அடிவரை, நியூட்ரல், சாவி, கண்ணாடி என்று வாய் முணுமுணுத்தபடியே கை போயிற்று. ஏழெட்டு நொடி ஆகியிருக்கலாம். பெரிய சாலையில் இடைவெளி வரும்வரை நிதானமாகக் காத்திருந்து ஏறினேன். ரிவர்ஸில் நிறுத்தியபோது பின்சக்கரம் ஓரக்கல்லிலிருந்து நான் விரும்பியதைவிடச் சற்று விலகியே இருந்தது. திருத்தவா என்று கேட்டேன், திருத்துங்கள் என்றார், திருத்தினேன்.

இன்ஜின் நின்றது ஒரு சிறு பிழையாகவே தாளில் பதிவாகியிருந்தது. கையொப்பம் இட்டுவிட்டு இறங்கியபோது கால் இன்னமும் ஆடிக்கொண்டிருந்ததால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே காத்திருந்த அத்தான் முடிவைக் கேட்கும் முன்பே, "எத்தனை தடவை எழுதினார்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எண்ணியிருக்கவில்லை.